மொரிஸ் மைனர் ஸ்டியரிங்கில் ஆட்டம்

கேள்வி: எங்கள் பழைய மொரிஸ் மைனரில் ஸ்டியரிங் ஆடுகிறது. டை ரொட் எண்டை வீட்டிலேயே மாற்றலாமா? – வாசகர், கல்லடி

பதில்: தாராளமாக மாற்றலாம். முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். காரை ஜாக்கால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள். முன்சில்லை இடம் வலமாக அசைக்கும்போது பந்து மூட்டு தளர்ந்து ஆடினால் டை ரொட் எண்ட் தேய்ந்திருக்கிறது. மேலும் கீழுமாக ஆடினால் பெயரிங் அல்லது கீழ் ட்ரனியன் என்னும் மரை மூட்டு தேய்ந்திருக்கிறது. எனக்குப் பயம் இந்த ட்ரனியனில்தான். அதன் மரை தேய்ந்து கழன்றால் ஓடும் காரிலேயே சில்லு மடிந்துவிடும். உங்கள் கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு கிறீஸ் அடிக்க மறக்கவே கூடாது. இடது, வலது ட்ரனியன்களின் மரை வேறு வேறு; கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

எண்டைக் கழற்ற, முதல்நாள் இரவே துரு எண்ணெய் விடுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல், ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனத்த சுத்தியலை முட்டுக்கொடுத்து, மறுபக்கம் ஓங்கித் தட்டினால் விட்டுக்கொடுக்கும். பந்து மூட்டின் மரையில் அடிக்காதீர்கள். பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்றதோ, அத்தனை சுற்றில் புதியதை ஏற்றுங்கள். ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும். பிறகு மெதுவாக ஓட்டிப்போய் கராஜில் அலைன்மென்ட் பாருங்கள்.