எஞ்சின் பிடிக்கவில்லையா? திறப்பையும் பாருங்கள்

வயலை விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வான் ஓட்டும் குடும்பங்களுக்கு, வண்டி நின்றால் அன்றைய உலையும் நின்றுவிடும். “கொம்பியூட்டர் பழுது” என்று கேட்டவுடன் கடன் வாங்காதீர்கள். முதலில் சிறிய பழுதுகளைத் தேடுவோம்.

ஐரோப்பாவில் 1998 ஒக்ரோபர் முதல் புதிய கார்களுக்குக் களவுத் தடுப்புத் திறப்பு கட்டாயமானது. நம் நாட்டில் ஓடும் யப்பானிய வண்டிகள் பலவற்றிலும் அது உண்டு. திறப்பின் தலைக்குள் பற்றரி தேவைப்படாத சிறு சிப் இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதற்கு மின்சக்தி கொடுத்து, அதன் இலக்கத்தை வாசிக்கிறது. இலக்கம் பொருந்தாவிட்டால் எஞ்சின் பிடிக்காது; அல்லது பிடித்தவுடன் நின்றுவிடும். மீற்றர்ப் பலகையில் திறப்புப் படமுள்ள விளக்கும் விடாமல் மின்னலாம்.

இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. பற்றரி: ஓய்வில் 12.6 வோல்ற்றளவு இருக்கவேண்டும். ஸ்ராட் செய்கையில் 10க்குக் கீழே இறங்கினால் பற்றரியையும் முனைகளையும் கவனியுங்கள்.

2. வளையத்திலுள்ள மற்றத் திறப்புகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

3. இரண்டாவது திறப்பைப் போடுங்கள். அதற்குப் பிடித்தால் பழுது முதல் திறப்பில். இரண்டுக்கும் பிடிக்காவிட்டால் வண்டியில் தேடுங்கள்.

4. பியூஸ், சுருளின் பிளக், ஏர்த் வயர்: கடலோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் களிம்பு பிடிக்கும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டே துடையுங்கள்.

இவையெல்லாம் சரியென்றால் மட்டும் கொம்பியூட்டரைச் சந்தேகியுங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி வாங்கினாலும், பெரும்பாலும் உங்கள் திறப்பின் இலக்கத்தை அதில் பதியவேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கேளுங்கள்.

பழைய வான் வாங்கும்போது இரண்டு திறப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.