அடுப்பெரியும் ஆசிரமம்

ஆசிரமம் என்றதும் நம் கண்முன் வருவது பெரும்பாலும் சினிமா காட்டியதுதான்: காவி, தாடி, மூடிய கண்கள், வீட்டை மறந்த மனிதர்கள். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைச் சுற்றி உருவான ரமணாசிரமத்தை வைத்து இதைச் சற்றுச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: உறவை அறுத்தவனுக்கே ஆன்மிகம்.

"ரமணரே பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவர்தானே?" என்பார்கள். போனவர்தான். 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனுக்குக் கட்டணம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு மதுரையில் ரயிலேறினார். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சன்னிதியில் நின்றார். நாம் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறோம்.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். 1916இல் தாய் அழகம்மாள் மகனோடு தங்க, அவர் வாழ்ந்த மலைக்கே வந்துவிட்டார். பிச்சைச் சோற்றில் நாள் கழிந்த இடத்தில் அடுப்பு மூட்டிச் சமையலைத் தொடங்கியவர் அவர். தம்பியும் வந்து சேர்ந்து துறவு பூண்டு, நிரஞ்சனானந்தர் என்ற பெயரில் பின்னாளில் ஆசிரம நிர்வாகத்தையே கவனித்துக்கொண்டார். 1922 மே 19 அன்று அழகம்மாள் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருக்கு வைத்த சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. அங்கே மாத்ருபூதேஸ்வரர் என்று கும்பிடுவது அந்தத் தாயின் சமாதிமேல் எழுந்த சன்னிதியை.

ரமணர் முறைப்படி சன்னியாச தீட்சை பெற்றவர் அல்லர். துறவு கேட்டு வந்த குடும்பஸ்தர்களை ஊக்கப்படுத்தவும் இல்லை. நீங்கள் மட்டும் ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், அது அவரவர் பிராரப்தப்படி, அதாவது முன்வினைப்படி, நடப்பது என்றார். காட்டுக்குப் போனாலும் மனம் கூடவேதான் வரும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. கடனுக்கும் வீட்டுச் சண்டைக்கும் பயந்து ஆசிரமம் தேடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இதை யாராவது அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு மனம் வலிக்கிறது.

நம்பிக்கை: அங்கே வேலை கிடையாது, தியானம் மட்டும்தான்.

ரமணர் பல வருடங்கள் பொழுது விடியுமுன்பே சமையற்கட்டில் இருந்தார். காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், உப்பும் புளியும் பார்த்தார். கூட வேலை செய்த பெண்கள் சொல்லிப்போன நினைவுகள் நிறைய உண்டு. கீரையின் இலை பொரியலுக்குப் போனால், தூக்கி எறிய வேண்டிய மீதியையும் வீணாக்காமல் சமையலில் சேர்க்கச் சொல்வாராம். தரையில் சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்குவாராம். பந்தியில் தன் இலையில் மட்டும் கூடுதலாக ஒன்று விழுந்தால் ஏற்கமாட்டார். அவருடைய உபதேசத்தில் பெரிய பகுதி இந்தச் சமையற்கட்டிலேயே நடந்துவிட்டது என்பேன். நறுக்குகிற கையைவிட, நறுக்குவது நான் என்று நினைக்கும் எண்ணத்தைக் கவனிக்கப் பழக்கிய இடம் அது.

நம்பிக்கை: யோகம் என்றால் ஆசனம்.

ஆசனம் உடம்புக்கு நல்லது, தாராளமாகச் செய்யலாம். ஆனால் ரமணாசிரமத்துக்கு ஆசனம் கற்கப் போனால் ஏமாற்றம்தான். அங்கே பாதை 'நான் யார்?' என்ற விசாரணை. மூச்சை அடக்குவது மனத்தை அடக்க உதவும், ஆனால் மனத்தை அடியோடு ஒழிக்காது. மூச்சு பழையபடி ஓடத் தொடங்கினால் மனமும் வெளியே ஓடும் என்று ரமணர் விளக்கியிருக்கிறார்.

அவர் வாயே திறக்காத மௌனி என்பதும் முழு உண்மை அல்ல. ஆரம்ப வருடங்களில் பேசாதிருந்தார். பின்பு தமிழில், தெலுங்கில், மலையாளத்தில் வந்தவர்களோடு பேசினார். 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களைக் குறித்துவைத்ததே ஒரு தடித்த புத்தகம்.

நம்பிக்கை: ஞானிக்கு நோய் வராது, யோகம் இருந்தால் மருந்து வேண்டாம்.

நான் பயப்படுவது இந்த நம்பிக்கையைக் கண்டுதான். ரமணருக்கு இடது முழங்கை அருகே சிறு கட்டி வந்தது. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள், மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்ற புற்றுநோய். அந்த வருடம் டிசம்பருக்குள் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆனால் மருத்துவர்களை வரவேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. அலோபதி, நாட்டு மருந்து என்று அன்பர்கள் கொண்டுவந்த சிகிச்சைகளுக்கெல்லாம் இடம் கொடுத்தார். உடம்பு வலித்ததை மறைக்கவில்லை, வலியிலும் தரிசனத்தை நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு உடம்பை விட்டார்.

தியானம் ஆரம்பித்துவிட்டேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையோடு சொல்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ரமணாசிரமத்துக்குப் போனால், உள்ளேயே ஒரு இலவச மருந்தகம் நடப்பதையும் பார்த்துவிட்டு வரட்டும்.