ஆன்லைன் கேசினோ: பணம் கட்டும் முன் வரம்பு கட்டுங்கள்!

பிரிட்டனில் 18 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்ற ஆன்லைன் கேசினோவில் ஆடச் சட்டம் அனுமதிக்கிறது. அங்கே வாழும் தமிழர் வீடுகளுக்குள்ளும் கைபேசி வழியாக அது வரக்கூடும். ஆடாமலே இருப்பதுதான் நல்லது. ஆடுகிறவர் வீட்டில் இருந்தால், வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிய பணத்தில் கை வைக்காமலிருக்க இந்தக் குறிப்புகள் உதவும். இவை பிரிட்டன் நடைமுறைக்கு மட்டுமே. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

1. முதலில் உரிமத்தைப் பாருங்கள். தளத்தின் அடிப்பகுதியில் பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் உரிம எண் இருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரும் தள முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். உரிமம் இல்லாத தளத்தில், கீழே சொல்லும் பாதுகாப்புகள் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

2. தொகையைத் தளத்தில் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் முடிவு செய்யுங்கள். வாடகை, கவுன்சில் வரி, மின்கட்டணம், மளிகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தில், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை எவ்வளவோ அதுதான் உங்கள் வரம்பு. மிச்சமே இல்லையென்றால் அந்த மாதம் ஆட்டமும் இல்லை.

3. முதல் பவுண்டைக் கட்டும் முன்பே டெபாசிட் வரம்பைப் பதியுங்கள். 2025 அக்டோபர் 31 முதல், முதல் டெபாசிட்டுக்கு முன் வரம்பு வைக்கச் சொல்லி நிறுவனங்களே கேட்க வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கம் வரும்போது அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

4. நாள் வரம்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு 10 பவுண்டு என்பது சிறிதாகத் தெரியும். மாதத்துக்கு அது 300 பவுண்டு. மாத வரம்பை முதலில் வையுங்கள். 40 பவுண்டுதான் மாதத்துக்கு என்றால் வாரத்துக்கு 10 என்று அதற்குள் அடக்குங்கள்.

5. வரம்பு எதைக் கணக்கில் எடுக்கிறது என்று படித்துப் பாருங்கள். நீங்கள் 50 பவுண்டு கட்டி, பிறகு 40 பவுண்டை வெளியே எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய மொத்தத்தைப் பார்க்கும் வரம்பில் 50-ம் செலவாகிவிட்டது. எடுத்ததைக் கழித்துப் பார்க்கும் வரம்பில் 10 மட்டுமே செலவு. மீதி 40-ஐ மறுபடியும் கட்டலாம். மொத்தத்தைப் பார்க்கும் வரம்பே பாதுகாப்பானது.

6. வரம்பைக் குறைப்பது எளிது. கூட்ட வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருந்து, பிறகு மீண்டும் உறுதி செய்ய வேண்டும். தோற்ற வேகத்தில் கூட்டக் கேட்டிருந்தால், மறுநாள் உறுதி செய்யாமல் விட்டுவிடுங்கள். பழைய வரம்பே நீடிக்கும்.

7. ஒரு நிறுவனத்தில் வைத்த வரம்பு இன்னொரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. மூன்று இடங்களில் 50 பவுண்டு என்றால் உண்மையான வரம்பு 150. ஒரே கணக்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுங்கள்.

8. கடன் வாங்கிய பணத்துக்கு வழி வைக்காதீர்கள். பிரிட்டனில் ஆன்லைன் சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டு 2020 ஏப்ரல் 14 முதல் தடை. அதை ஏற்கும் தளத்தை விட்டு உடனே வெளியேறுங்கள். டெபிட் கார்டிலும் ஓவர்டிராஃப்ட் வழியாகக் கடன் நுழையலாம். ஓவர்டிராஃப்ட் இல்லாத தனிக் கணக்கொன்றில் மாதத் தொகையை மட்டும் போட்டு, அதன் கார்டைப் பயன்படுத்துங்கள். சம்பளம் வரும் கணக்கின் கார்டைத் தளத்தில் சேமிக்கவே வேண்டாம். கணவர் அல்லது மனைவியின் கார்டையும் தொடாதீர்கள்.

9. வங்கியிலும் தடை போடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் போகும் பணம் புறப்படும் இடம் வங்கிதான். பார்க்லேஸ், மொன்சோ, ஸ்டார்லிங் உட்படப் பல வங்கிகளின் செயலியில் சூதாட்டக் கட்டணத்தை நிறுத்தும் வசதி உண்டு. நீக்கக் கேட்டாலும் 48 அல்லது 72 மணி நேரம் காக்க வைக்கும் வங்கிகள் உண்டு. ஆசை தணிய அந்த நேரம் உதவும். இந்தத் தடை முக்கியமாகக் கார்டு கட்டணத்தையே பிடிக்கும். வங்கிப் பரிமாற்றமும் பேபால் போன்ற வழிகளும் அதில் அடங்குமா என்று வங்கியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

10. ஸ்லாட் ஆட்டத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 முதல் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5 பவுண்டு; 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு. ஒரு பவுண்டு வீதம் மணிக்கு 600 சுற்று ஆடினாலே 600 பவுண்டு சுழல்கிறது. 96 சதவீதம் திருப்பித் தரும் ஆட்டமாக இருந்தாலும், சராசரியாக 24 பவுண்டு போய்விடும். நேரத்துக்கும் ஒரு வரம்பு வைப்பது அதனால்தான் அவசியம்.

11. போனஸுக்காக அதிகம் கட்டாதீர்கள். 2026 ஜனவரியில் வந்த விதிப்படி, போனஸ் தொகையைப் போல் 10 மடங்குக்கு மேல் ஆடச் சொல்லக்கூடாது. அப்போதும் 20 பவுண்டு போனஸுக்கு 200 பவுண்டு வரை ஆட வேண்டியிருக்கும்.

12. ஜெயித்ததை உடனே வங்கிக்கு மாற்றுங்கள். எடுக்கக் கேட்ட பணத்தை இடையில் ரத்து செய்து ஆட்டத்துக்கே திருப்பும் வசதியை ஆணையம் 2021 அக்டோபரில் நிரந்தரமாகத் தடை செய்தது. கணக்கில் கிடக்கும் பணம், நிறுவனம் நொடித்தால் எந்த அளவுக்குப் பாதுகாப்பானது என்பதை விதிமுறைப் பக்கத்தில் அவர்களே சொல்லியிருப்பார்கள், படியுங்கள்.

13. வரம்பைத் திரும்பத் திரும்பக் கூட்டத் தோன்றினால், இழந்ததைப் பிடிக்க ஆடினால், வீட்டில் மறைத்தால், வரம்பு போதாது, நிறுத்த வேண்டும். காம்ஸ்டாப் என்ற இலவச சேவையில் ஒருமுறை பதிந்தால், உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் உங்களை விலக்கும். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம். இடையில் ரத்து செய்ய முடியாது. 0808 8020 133 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆடுகிறவர் மட்டுமல்ல, அவருக்காகக் கவலைப்படும் அம்மாவும் மனைவியும் தம்பியும்கூட அழைக்கலாம். கடன் சிறியதாக இருக்கும்போதே அழையுங்கள்.