இந்த மாதப் பாடம்: கடல் தாண்டி வந்த பலகாரம்



முத்தையாபுரத்தில் போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் நோட்டில் ஏற்றி முடித்த பிறகு ஓர் அக்கா கேட்டார்கள்: "ஏம்மா, வியட்நாம்காரவ கார் கம்பெனி வந்திருக்கே, அவிய சோறு சாப்பிடுவாவளா, ரொட்டி சாப்பிடுவாவளா?" 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தார்கள் அல்லவா, அதைத்தான் கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த அக்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை போட ஆசை. அதனால் இந்த மாதப் பாடமே இதுதான்.

இரண்டும் சாப்பிடுவார்கள். வியட்நாம் நம்மைப் போலக் கடலோர நாடு, நெல் விளையும் நாடு. சோறு, அரிசி மாவில் செய்த நூல் போன்ற சேவை, மீன், கீரை, இதுதான் அவர்கள் அன்றாடச் சாப்பாடு. அவர்கள் சமையலில் நம்ம ஊர் புளி போல எதிலும் சேரும் ஒரு பொருள் இருக்கிறது. அது மீன் சாறு. எதில் செய்கிறார்கள் தெரியுமா? நெத்திலியும் உப்பும்தான்! ஏறக்குறைய மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, பெரிய மரத்தொட்டியில் மாதக்கணக்கில் ஊற வைத்து, வடிகிற சாற்றை எடுக்கிறார்கள். இதைச் சொன்னதும், "நம்மகிட்ட இல்லாத நெத்திலியா, நம்மகிட்ட இல்லாத உப்பா" என்றார்கள் உப்பளத்துக்குப் போகிற அக்காமார்.

ரொட்டி பின்னால் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோன் நகரைப் பிடித்தார்கள். அவர்களோடு கோதுமை ரொட்டி, வெண்ணெய், காப்பி எல்லாம் வந்தன. வியட்நாம் மக்கள் அந்த நீள ரொட்டியை அப்படியே தின்னவில்லை. நடுவில் கீறி, உள்ளே இறைச்சி, வினிகரில் ஊறிய கேரட், முள்ளங்கி, கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய் வைத்தார்கள். 'பான் மீ' என்று பெயர். தள்ளுவண்டிச் சாப்பாடாக இன்று உலகம் முழுக்கத் தெரியும். காப்பிக்குக் கறந்த பால் அங்கே எளிதில் கிடைக்கவில்லை, டின்னில் வரும் கெட்டிப் பாலை ஊற்றினார்கள். அந்தக் காப்பிதான் இன்றைக்கும் அவர்களுக்குப் பெருமை. இல்லாததற்கு மாற்று கண்டுபிடித்தார்கள், பாருங்கள்.

இந்தச் சமையல் தமிழ்நாட்டுப் பக்கமும் வந்திருக்கிறது. அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், அங்கிருந்து தமிழர்கள் சைகோனுக்கு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். சிலர் வியட்நாம் பெண்களைக் கல்யாணம் செய்து குடும்பத்தோடு திரும்பினார்கள். அந்தம்மாமார் அரிசித் தாளில் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த 'சாய்யோ' இப்போதும் புதுச்சேரியில் விற்கிறது. 1954-இல்தான் பிரெஞ்சுக்காரர் வியட்நாமையும் விட்டார்கள், புதுச்சேரியையும் விட்டார்கள்.

சரி, நம்ம தூத்துக்குடிக்கு வருவோம். இங்கே வந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1658-இல் டச்சுக்காரர் பிடிக்கிற வரை இந்த முத்துக்குளித்துறை அவர்கள் கையில் இருந்தது. மிளகாயும் அண்டிப்பருப்பும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து அவர்கள் கப்பலில் வந்தவை. அதற்கு முன்னே நம் குழம்புக்குக் காரம் மிளகுதான். மக்ரூனும் அவர்கள் விட்டுப்போன பலகாரம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஐரோப்பாவில் அது பாதாம் பருப்பில் செய்வது. நம் ஊரில் பாதாமுக்குப் பதில் அண்டிப்பருப்பு. மற்றபடி முட்டை வெள்ளைக்கருவும் சீனியும்தான். அவித்த மாவு, எண்ணெய், நெய் எதுவும் கிடையாது.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு குழுவுக்கு மக்ரூன் போடச் சொல்லி நாங்களே யோசனை கொடுத்தோம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது, அந்த நேரம் செய்யலாமே என்று கணக்குப் போட்டோம். உள்கடன் எடுத்து அடுப்பு வாங்கினார்கள். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம். தட்டில் இருந்து எடுத்த மக்ரூன் சாயங்காலத்துக்குள் நசநசவென்று ஆகிவிட்டது. கடைக்காரர் பாதியைத் திருப்பி அனுப்பினார். அந்த ஐந்து பேரும் தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்கு வரவே கூசினார்கள். உப்பளக் காலண்டரைப் பார்த்த நாங்கள் வானத்தைப் பார்க்கவில்லை. மறு வருடம் தை பிறந்த பிறகு போட்டார்கள், மொறுமொறுவென்று வந்தது. மழை மாதங்களில் சுடச்சுட விற்கும் வடை, பஜ்ஜிக்கு மாறினார்கள். கடன் அடைய கூடுதலாக ஒரு வருடம் ஆனது.

அவர்களிடம் நாங்கள் படித்தது இது. வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவு நுரை வர வேண்டும். சீனியைப் பொடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அண்டிப்பருப்புப் பொடியைக் கடைசியில் மெதுவாகக் கலக்க வேண்டும், அடித்தால் நுரை அமுங்கும். மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் காய விடுங்கள், அவசரப்பட்டால் மேலே சிவந்து உள்ளே பிசுபிசுக்கும். நன்றாக ஆறிய பிறகே காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். மிஞ்சும் மஞ்சள் கருவுக்கு முதலிலேயே ஓர் ஆள் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் லாபம் அதிலேயே போகும். பாக்கெட்டில் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். முட்டை சேர்வதால் பச்சைப் புள்ளி போடக்கூடாது, பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும்.

கடை போட ஆசைப்பட்ட அக்கா இப்போது சோறும் மீன் குழம்பும் போதும் என்கிறார்கள், காரத்தை மட்டும் தனியாக வைக்கிறேன் என்கிறார்கள். அவர்கள் கடன் விண்ணப்பம் அடுத்த கூட்டத்தில் படிக்கப்படும். வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் ஆச்சி செய்த ஒரு பலகாரத்தின் பெயரும், அதில் சேரும் சாமான்களும் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் மகளிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். எது கப்பலில் வந்தது, எது நம் நிலத்தில் விளைந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.