மீன்தொட்டிச் செடிகள்: வெட்டுதலும் பெருக்குதலும்

 

நம் பள்ளி அறிவியல் மூலையில் உள்ள கண்ணாடித் தொட்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இடைவேளை மணி அடித்ததும் கப்பி மீன்களைக் காண அங்கே கூட்டம் கூடிவிடுகிறது. ஆனால், அம்மீன்களுக்குப் பின்னால் நிற்கும் செடிகளைப் பார்ப்பவர் சிலரே. மீன்களின் கழிவை உரமாக ஏற்று, ஒளி உள்ள வேளையில் உயிர்வளியை நீரில் கலந்து, தொட்டியைக் காப்பவை அச்செடிகளே. அவற்றை எவ்வாறு வெட்டுவது, ஒன்றை எவ்வாறு பலவாக்குவது, வெட்டியதை என்ன செய்வது என்னும் மூன்றையும் இங்கே காண்போம். மூன்றாம் பாடத்தை நாம் பட்டறிந்தே கற்றோம்.

வெட்டினால் தழைப்பது ஏன்?

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பது பழமொழி. பின்பாதியை விட்டுவிடுவோம், முன்பாதி தாவரவியல் உண்மை. செடியின் நுனியில் ஆக்சின் என்னும் வளரூக்கி உண்டாகிறது. அது தண்டின் வழியே இறங்கிப் பக்கமொட்டுகளை வளரவிடாமல் தடுக்கிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் அத்தடை நீங்குகிறது. கணுக்களில் உறங்கிய மொட்டுகள் கிளைவிடுகின்றன. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலும் இதைக் காணலாம். நீருக்குள் வாழும் செடிக்கும் அதே விதிதான்.

செடிக்கேற்ற முறை

1. தண்டுச் செடிகள்: ஹைட்ரில்லாவும், நீர்முள்ளிக்கு உறவான ஹைக்ரோஃபிலாவும் இவ்வகையின. நுனியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நீளம் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். நசுங்கிய தண்டு அழுகும். அடியிலுள்ள இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி, அக்கணுக்கள் மணலுக்குள் இருக்குமாறு நட வேண்டும். அங்கிருந்தே வேர் வரும். மரவள்ளிக் குச்சியை நட்டவர்களுக்கு இது புதிதன்று. கொத்தாக நடாமல், தண்டுக்குத் தண்டு 3 செ.மீ. இடைவெளி விடுக. தொட்டியில் நின்ற அடித்தண்டும் இரண்டு மூன்று கிளைகளாகத் தழைக்கும்.

2. ஓடுதண்டுச் செடிகள்: வாலிஸ்நேரியா நாடா போன்ற நீண்ட இலைகளை உடையது. வாழை பக்கக்கன்று ஈனுவதுபோல, இதன் ஓடுதண்டு மணலையொட்டி ஓடிக் கன்று ஈனும். கன்றுக்கு மூன்று நான்கு இலைகளும் சொந்த வேரும் வந்தபின் பிரித்து நடலாம். இலைகள் கிளம்பும் அடிப்பகுதி மணலில் புதையக்கூடாது.

3. கிழங்குத்தண்டுச் செடிகள்: ஜாவா பெரணி நம் நாட்டு மலை ஓடைகளில் பாறையைப் பற்றி வளர்வது. இதன் கிழங்குத்தண்டை இஞ்சியைப்போல் துண்டாக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலைகள் இருத்தல் வேண்டும். மணலில் புதைத்தால் அழுகும். ஆதலால் கல்லின்மேல் வைத்து நூலால் கட்டுக.

நம் நாட்டிலும் இலங்கையிலும் ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் செடிகள் இடம் மாறினால் இலைகள் கரைந்து மறையும். இறந்தது என்று எறிந்துவிடாதீர்கள். வேர் நலமாக இருந்தால் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும்.

எச்செடியாயினும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டா. செடி குறைந்தால் கழிவை உண்பார் இன்றிப் பாசி பெருகும்.

வெட்டிய துண்டுகள் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன், தொட்டியைத் துப்புரவு செய்த மாணவர்கள் வெட்டிய ஹைட்ரில்லாவைப் பள்ளிக்குப் பின்புறக் கால்வாயில் கொட்டினர். "எங்கே கொட்டுவது, ஐயா?" என்று கேட்டவர்களுக்கு அவ்விடத்தைக் காட்டியவர் நாமே. அடுத்த மழைக்காலத்தில் கால்வாய் முழுதும் பச்சைப் பாயாகக் கிடந்தது. நீர் வழியின்றிப் பள்ளித் தோட்டத்துள் ஏறி, மாணவர் நட்ட கீரைப் பாத்திகளை அழித்தது. வேலை முடிந்து களைத்து வந்த பெற்றோர்கள் மண்வெட்டியுடன் இறங்கி அதை அள்ளி எடுத்தனர். பிழை நம்முடையது, உழைப்போ அவர்களுடையது.

இதனினும் பெரிய பாடம் அமெரிக்காவில் உண்டு. 1950களின் தொடக்கத்தில், மீன்தொட்டி வணிகத்திற்காக இலங்கையிலிருந்து புளோரிடா மாநிலத்திற்கு ஹைட்ரில்லா கொண்டு செல்லப்பட்டது. 1960இல் அது அங்குள்ள நீர்நிலைகளில் வளர்வது கண்டறியப்பட்டது. சென்றவை பெண் செடிகளே. ஆதலால் விதை உண்டாகவில்லை. ஆயினும் ஒடிந்த தண்டுகளாலும் மண்ணுள் விளையும் சிறு கிழங்குகளாலும் பரவி, ஏரிகளையும் ஆறுகளையும் மூடியது. அதை ஒழிக்க அம்மாநிலம் பல மில்லியன் டாலர் செலவிட்டுள்ளது.

நம்மவர் கெலாடி புந்திங் என்று அறிந்துள்ள ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து பூவழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டதே. நம் கெடா மாநிலம் நாட்டின் நெற்களஞ்சியம். மூடா நீர்ப்பாசனத் திட்டக் கால்வாய்கள் 1970 முதல் ஏறத்தாழ 96,000 எக்டர் வயல்களில் இருபோகம் விளைய வழி செய்தன. மூடா ஆற்று நீர் கெடாவிலும் பினாங்கிலும் குடிநீராகிறது. நம் வீட்டுக் கால்வாய் ஓடையிலும், ஓடை ஆற்றிலும் சேர்வதை மறத்தலாகாது.

ஆகவே, வெட்டிய துண்டுகளை ஒரு வாளியில் சேர்த்து, சிமெண்டுத் தரையில் பரப்பி, நொறுங்கும் வரை வெயிலில் காயவிடுங்கள். பின்பு வாழை மரத்தடியில் புதைத்தால் நல்ல உரமாகும். மாற்றிய தொட்டி நீரையும் கால்வாயில் ஊற்றாமல், மேட்டு நிலத்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள். மீன்களையும் ஓடையில் விடாதீர்கள்.

செயற்பாடு

ஒரு கண்ணாடிக் குவளையில் நீரும் சிறிது மணலும் இட்டு, ஒரே கணு உள்ள ஹைட்ரில்லாத் துண்டு ஒன்றை வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வாரந்தோறும் அதன் நீளத்தையும் கிளைகளின் எண்ணிக்கையையும் ஏட்டில் குறித்து, நான்காம் வார முடிவில் வகுப்பில் காட்டுங்கள். ஒரு சிறு துண்டின் ஆற்றலை உங்கள் கண்ணே உங்களுக்குக் கற்பிக்கும். அதன்பின் வாளியை மறக்கமாட்டீர்கள்.