கேஸ்கட் சும்மா போகாது

ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று கேட்டதும் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பலர் வண்டியை விற்கத்தான் யோசிப்பார்கள். கலிபோர்னியாவில் நான் வசிக்கும் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் பட்டறைகள் இந்த வேலைக்குச் சொல்லும் தொகை, வண்டியின் விலையையே தொட்டுவிடும். இத்தனைக்கும் உள்ளே போடும் கேஸ்கட் விலை குறைந்த பொருள். கழற்றுவது, சுத்தம் செய்வது, திரும்பப் பூட்டுவது என்ற கூலிதான் பெரும்பகுதி. அந்த உழைப்பை நம்மால் கொடுக்க முடியும். நான் என் வீட்டுக் கராஜிலேயே சில வார இறுதிகளில் இதைச் செய்து முடித்தேன். அதில் தெரிந்துகொண்டதை, இந்த வேலையில் முதல்முறையாகக் கை வைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் வண்டி 1990ஆம் ஆண்டு டொயோட்டா. மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று ஓடும் வண்டியை அமெரிக்காவில் வெறும் ‘பிக்கப்’ என்ற பெயரில் 1995 வரை விற்றார்கள். அதிலுள்ள என்ஜின் 22ஆர்ஈ: 2,366 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோல். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சுமார் அரை மீட்டர் நீள ஹெட், குளிர்ந்த நிலையிலிருந்து ஓட்டச் சூட்டுக்கு வருவதற்குள் பிளாக்கைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நீளப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு அந்த உரசலையெல்லாம் தாங்குவது கேஸ்கட். வண்டி ஒழுங்கான சூட்டில் ஓடும்வரை பல வருடங்கள் தாங்கும். ஒருமுறை மிதமிஞ்சிச் சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கட்டின் பிடி விட்டுப்போகும்.

கோவையில் லேத் பட்டறை வைத்திருந்த என் தாய்மாமாவிடம் முதலில் போனில் பேசினேன். “கண்ணு, கேஸ்கட் சும்மா போகாது. எதோ ஒண்ணு அதைக் கொன்னிருக்கும். அது என்னன்னு கண்டுபுடிக்காம புதுசு போட்டீன்னா, அதையும் அதே கொன்னுபோடும்” என்றார். இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

முதலில், போனது கேஸ்கட்தானா என்று உறுதி செய்ய வேண்டும். என் வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தது. என்ஜின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோலவும் இருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் நீராவியாகிப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம். பிறகு பிளாக் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ரேடியேட்டர் வாயில் வைக்கும் ஒரு குழாய்தான் அது. அதற்குள் இருக்கும் நீல திரவம், எரிந்த புகையின் கரியமிலவாயு பட்டால் மஞ்சளாகும். மஞ்சளானது. இந்தக் கருவியை அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன. ரேடியேட்டர் மூடியை என்ஜின் முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகியிருந்தால் 22ஆர்ஈ வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுக் கேஸ்கட்டைக் குற்றம் சொல்லக் கூடாது. இந்த என்ஜினின் டைமிங் செயினை அணைத்து நிற்கும் கைடுகள் பிளாஸ்டிக். வயதானால் டிரைவர் பக்கத்துக் கைடு உடையும். ஆதரவு இழந்த செயின், டைமிங் கவரின் உள்சுவரில் உரசி உரசி அரம்போல அதை அறுத்து, பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பாதைவரை போய்விடும். அந்த ஓட்டை வழியாகக் கூலன்ட் நேராக ஆயில் சம்பில் இறங்கும். ஹெட்டை இறக்கிப் புதுக் கேஸ்கட் போட்டு மூடினாலும் ஆயில் மறுபடி பாலாகும். வால்வ் கவரைக் கழற்றி, செயின் இறங்கும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் கைடு முழுதாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் செயின் கலகலக்கும் சத்தமும் ஒரு துப்பு. என் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்தது, கைடும் நன்றாக இருந்தது.

அடுத்தது, கேஸ்கட்டைக் கொன்றது எது என்பது. ஃப்ரெஸ்னோ கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். என்ஜின் ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் வரிசையாகக் காட்டி வந்தேன். ஒரு பக்கம் சூடாகவும் கீழ் மூலையில் பெரிய பகுதி குளிர்ச்சியாகவும் இருந்தது. அங்கே தண்ணீரே ஓடவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர்கள் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதில் உப்புப் படிந்து குழல்கள் அடைபட்டிருந்தன. இந்தப் பகுதியின் தண்ணீர் கடினமானது; வீட்டுக் கெட்டிலில் படியும் வெள்ளைப் படிவம் ரேடியேட்டரிலும் படியும். ஆகவே கேஸ்கட்டோடு புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், மூடி எல்லாம் வாங்கினேன். மூடியைச் சின்ன விஷயம் என்று விட வேண்டாம். அது பிடித்து வைக்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் கூலன்ட்டின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பை மொத்தமாகப் பறித்துவிடும்.

கழற்றும் வேலைக்குப் பலம் தேவையில்லை, ஒழுங்கு வேண்டும். கலிபோர்னியாவில் இந்த வயது வண்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குப் போயாக வேண்டும். ஒரு வேக்வம் குழாய் இடம் மாறினாலும் அங்கே தோற்றுவிடும். பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் வேக்வம் படத்தையும், ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்தேன். ஒவ்வொரு குழாயிலும் அதன் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி டேப் ஒட்டினேன். போல்ட்டுகளை எந்தப் பாகத்தினுடையவை என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போட்டேன். பெட்ரோல் லைனில் அழுத்தம் இருக்கும். அதை இறக்கிவிட்டு, பேட்டரி வயரையும் எடுத்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். எக்ஸாஸ்ட் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து வைத்தால் ஸ்டட் உடையாமல் வரும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை அதன் உச்சி நிலையான டாப் டெட் சென்டருக்குக் கொண்டுவந்து, செயினையும் கேம் ஸ்ப்ராக்கெட்டையும் பிளாஸ்டிக் டையால் சேர்த்துக் கட்டி, கம்பியால் மேலே தொங்கவிட வேண்டும். செயின் தொய்ந்து கீழே ஒரு பல் நழுவினால் பிறகு டைமிங் சேராது. இதற்கு அடுத்த இடத்தில்தான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள். ஹெட்டைப் பிடிக்கும் பத்துப் பெரிய போல்ட்டுகளைத் தவிர, முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் இருந்த இடத்துக்கு அடியில், தேங்கிய ஆயிலுக்குள் ஒரு சின்ன போல்ட் மறைந்திருக்கிறது. அது ஹெட்டை டைமிங் கவரோடு பிடித்து வைத்திருக்கிறது. ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதை எடுக்காமல் கடப்பாரை போட்டு நெம்பினால் டைமிங் கவரின் காது உடைந்துபோகும். வேலை இரண்டு மடங்காகும். பத்துப் போல்ட்டுகளையும் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றில் தளர்த்த வேண்டும். ராக்கர் அசெம்பிளியும் அதே போல்ட்டுகளில்தான் நிற்கிறது. அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

ஹெட் மேஜைக்கு வந்ததும் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல் நன்றாகப் பாருங்கள். எங்கே கருகியிருக்கிறது, எந்தச் சிலிண்டரின் வளையம் கறுத்திருக்கிறது என்பது அதில் பதிந்திருக்கும். என்னுடையதில், சுத்தமான பிளக் இருந்த அதே சிலிண்டருக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே கறுத்த தடம் ஓடியது. பிறகு நேரான எஃகுச் சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தேன். இந்த ஹெட்டுக்கு டொயோட்டா கொடுத்த எல்லை 0.15 மில்லிமீட்டர். நடுப்பகுதியில் அதற்கு மேலேயே நுழைந்தது.

ஹெட்டைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்காத கருத்து ஒன்று உண்டு. நேராக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அதை மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். வெந்த ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விட்டிருக்கலாம். அழுத்தச் சோதனையில்தான் அது தெரியும். வீட்டில் கண்ணாடிமேல் எமரித் தாள் ஒட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷாப்பில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, நேராவதற்குத் தேவையான அளவுக்கு மேல் சீவ வேண்டாம் என்பது. கேம் ஹெட்டின் மேலே இருக்கும் என்ஜின் இது. சீவச் சீவக் கேம் கீழே இறங்கும், செயின் தொய்யும், வால்வ் டைமிங் பின்தங்கும். இரண்டாவது, நீங்கள் போடப்போவது எந்த வகைக் கேஸ்கட் என்பது. பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டுக்கு மேற்பரப்பு மிக வழவழப்பாக வேண்டும். பழைய பாணிக் கூட்டுப்பொருள் கேஸ்கட்டுக்குச் சற்றே சொரசொரப்பு இருந்தாலும் ஏற்கும். இங்கே பொருத்தம் தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகும்.

ஹெட் ஷாப்பில் இருக்கும் நாட்களில் பிளாக்கைச் சுத்தம் செய்யலாம். மொத்த வேலையிலும் அலுப்பான பகுதி இது. ஆனால் வெற்றி தோல்வி இங்கேதான். சிலிண்டர்களுக்குள் துணி அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால் பழைய கேஸ்கட் ஒட்டுகளைப் பொறுமையாக எடுக்க வேண்டும். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டுகளை வைத்துக்கொண்டு ஒரே நிமிடத்தில் பளபளப்பாக்கலாம் என்று ஆசை வரும். அந்த வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு தூள் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே விட்டிருக்கிறது. போல்ட் துளைகளுக்குள் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கவிடாதீர்கள். போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் போக இடமில்லாமல் அழுத்தி பிளாக்கையே வெடிக்க வைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றடித்து ஒவ்வொரு துளையையும் உலர்த்துங்கள்.

பூட்டும் நாளில் எனக்கு அவசரமே இல்லை. கேஸ்கட்டின் எந்தப் பக்கம் மேலே என்று பார்த்து, கேஸ்கட்மேல் எந்தப் பசையும் தடவாமல் வைத்தேன். பிளாக்கும் டைமிங் கவரும் சந்திக்கும் முன்புற மூலைகள் இரண்டில் மட்டும் சீலன்ட் ஒரு பொட்டு வேண்டும். போல்ட் மரைகளில் லேசாக ஆயில் தடவி, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், மூன்று சுற்றில் முறுக்கினேன். கடைசி அளவு 58 அடி-பவுண்ட். டார்க் ரெஞ்சை வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். 22ஆர்ஈ-யின் ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தலாம். புதிய என்ஜின்கள் பலவற்றில் போல்ட் ஒருமுறை மட்டுமே முறுக்கத் தக்கது. அளவும் டிகிரிக் கணக்கில் இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைத்தான் நம்ப வேண்டும், என்னுடைய எண்ணை அல்ல. வால்வ் இடைவெளி இந்த என்ஜினுக்கு, சூடாக இருக்கும்போது, இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகள் இல்லாமல் என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது இடித்தால் டைமிங் தப்பு. சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீர் இருந்தால் அதுவும் இப்போதே வெளியே வந்துவிடும். கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் முகம் மேடான பக்கம் இருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். உள்ளே காற்று சிக்கினால், சரிசெய்து வந்த ஹெட்டும் வெந்துபோகும். தெர்மோஸ்டாட்டில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வரும்படி மாட்டுவதும் காற்று வெளியேறத்தான். சுத்தமாகத் தெரிந்தாலும், முதல் ஆயிலைச் சில மணி நேர ஓட்டத்திலேயே மாற்றிவிட்டேன்.

கடைகளில் விற்கும் ‘ஊற்றினால் போதும், ஒழுக்கு நிற்கும்’ என்ற புட்டிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வைத்திருக்க நினைக்கும் வண்டியில் ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கும் பொருளே ஹீட்டர் கோரின் மெல்லிய குழல்களையும் அடைக்கும். அதேபோல், அடியிலிருந்து கட்டையடிச் சத்தம் கேட்கும் என்ஜினுக்கும், பால் ஆயிலோடு நாட்கணக்கில் ஓடிய என்ஜினுக்கும் கேஸ்கட் மட்டும் மாற்றுவது வீண் செலவு. பேரிங் போயிருக்கும்.

கழற்றும்போது இறக்கிய பழைய கூலன்ட்டைத் தெருச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து சாகும். மூடியுள்ள கேனில் அடைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஊரின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். கூலன்ட் கலந்த ஆயிலை, பழைய ஆயில் வாங்கும் கடைகள் பொதுவாக வாங்காது. அதையும் தனிக் கேனில், கலப்பு என்று எழுதி, அதே மையத்துக்குக் கொண்டுபோங்கள்.