எழுத்து வைக்க முதல் கேட்டுவிடு

அன்பின் மகளுக்கு,

உனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டு விபரமெல்லாம் உன் அம்மா சொன்னாள். கண்டி நகரில் கடை, அனிவத்தையில் வீடு, பூர்வீகம் யாழ்ப்பாணம், சீதனம் ஒரு சதமும் வேண்டாமாம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எழுத்து வைக்க முதல் நீ சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

முதலாவது உன் வேலை. பேராதனையில் படித்து நீ வாங்கிய ஆசிரியர் நியமனம் அது. "எங்கட வீட்டுப் பொம்பிளையள் வேலைக்குப் போறேல்லை" என்று கலியாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வந்தால் என்ன செய்வாய்? பணக்கார வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவிராது. ஆனால் புசல்லாவைக்கு வந்து அப்பாவைப் பார்க்கும் பஸ் காசுக்கும் கை நீட்ட வேண்டி வரும். உன் சம்பளம் உன் கணக்கிலேயே விழட்டும். சீதனம் வாங்காதது அவர்களின் நல்ல குணம். அதை நீ ஆயுள் முழுக்க அடைக்க வேண்டிய கடனாக எண்ணாதே.

அடுத்தது, அப்பா கம்பளையில் உன் பெயருக்கு எழுதிய காணி. நம் மலையகத்தாருக்குப் பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமான பெண் தன் சொத்தைத் தன் விருப்பப்படி ஆளலாம். ஆனால் யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை நீயும் அதற்குள் வந்துவிடுவாய். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும். அவர்களுடைய நிலையான ஊர் இன்னும் யாழ்ப்பாணமா, கண்டியே ஆகிவிட்டதா என்பதைப் பொறுத்த விஷயம் இது. காணி உறுதியோடு ஒரு சட்டத்தரணியிடம் போ. பேராசைக்காரி என்பார்களோ என்று தயங்காதே. வியாபாரக் குடும்பத்துக்கு உறுதி பார்ப்பதன் அருமை தெரியும்.

என் மனதை உண்மையில் அரிப்பது வேறு: அந்த வீட்டில் உன் பக்கத்து ஆட்களுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதுதான். அந்தக் காலத்தில் கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். அந்தப் பெண்கள் தனியே வரவில்லை. உறவினரும் கூடவே வந்து அரண்மனைக்குக் கிட்டக் குடியிருந்தார்கள். 1739இல் நரேந்திரசிங்க மன்னர் பட்டத்து வாரிசில்லாமல் இறந்தபோது, அரசியின் சகோதரரே ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினார். தன் ஆட்கள் பக்கத்தில் இருப்பது புகுந்த வீட்டில் பெண்ணுக்கு எவ்வளவு பலம் என்று பார். உன் அப்பாவோ லயத்தில் பிறந்தவர். அனிவத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவதென்று தெரியாமல் அவர் நிற்கக் கூடாது. "தோட்டத்து ஆக்கள்" என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் அந்தத் தம்பி வாய் திறப்பாரா? இதை அவரிடமே கேள். தரகர் வழியாக வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் பெண் பார்க்கிறார்களாமே. பெரியவர்களைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, அரை மணித்தியாலம் அவரோடு பேசு. உன் கேள்விகளுக்கு நேரே பதில் சொன்னால், தாராளமாகச் சம்மதம் சொல். "அதெல்லாம் அம்மாதான் முடிவெடுப்பா" என்று மழுப்பினால் அன்றிரவே எனக்குக் கோல் எடு. உன் அம்மாவோடு நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா